மலை சைக்கிள்: கிளிப் பெடலா, பிளாட் பெடலா?

கேள்வி – கல்லுப்பாதை

வண்டியோடு வந்த பிளாஸ்டிக் பெடலை மாற்றணும். கல் நிறைந்த இறக்கத்தில் கால் பெடலைவிட்டு எகிறுகிறது, ஈரமானால் வழுக்குகிறது. போடுவது ஓட்டப்பயிற்சி ஷூ. ஏற்றமும் இறக்கமும் சரிபாதி. நேராக, ஷூவைப் பூட்டிப் பிடிக்கும் கிளிப் பெடலுக்குப் போய்விடலாமா, பூட்டில்லாத நல்ல பிளாட் பெடலே போதுமா? என் கிராங்கில் (பெடல் மாட்டும் கை) எந்தப் பெடலும் ஏறுமா?

பதில் 1 – மரைதிருகி

பாதிப் பழி ஷூவுக்குத்தான். ஓட்டப்பயிற்சி ஷூவின் அடி தடித்த நுரை. மிதிக்க மிதிக்க அமுங்கும், பெடலில் துருத்தி நிற்கும் குட்டி உலோக முனைகள் (பின்கள்) கடிக்க ஒன்றும் இருக்காது. தட்டையான, மென்மையான ரப்பர் அடியும், சுமாரான விறைப்பும் உள்ள ஷூ வாங்குங்கள். அது இல்லாமல் எந்தப் பிளாட் பெடலும் பிடிக்காது.

மிச்சப் பழி குதிகாலுக்கு. இறக்கத்தில் விரல் நுனி கீழ்நோக்கி இருந்தால் ஒவ்வொரு கல்லும் காலைப் பெடலிலிருந்து உதறிவிடும். குதிகாலை இறக்கினால் அதே அடி காலைப் பெடலோடு சேர்த்து அழுத்தும். விரல் மேட்டைப் பெடலின் நடுத்தண்டான ஆக்சிலுக்குச் சற்று முன்னால் வையுங்கள். கிளிப்பில் பழகியவர்கள் இதைக் கற்காமலே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள், அதனால் முதலில் பிளாட் என்பதே என் கட்சி.

பெடலில் பார்க்க வேண்டியவை: மிதிபரப்பு நீள அகலத்தில் 100 முதல் 110 மிமீ. நடுவில் லேசாகக் குழிந்திருந்தால் நல்லது. பக்கத்துக்கு 8 முதல் 10 பின். பின்கள் எதிர்ப்புறத்திலிருந்து திருகி ஏற்றும் வகையாக இருக்கட்டும். மேலிருந்து திருகும் வகையில் கல் பட்டுச் சாவித்துளை நசுங்கினால் கழற்றவே முடியாது. நைலான் உடல் கல்லில் பட்டால் சறுக்கிப் போகும், அலுமினியம் சிக்கி நிற்கும். தொடக்கத்துக்கு நைலானே போதும், விலையும் குறைவு. பெடல் மெலிந்தால் தரையில் இடிப்பது குறையும், ஆனால் உள்ளே பேரிங்குக்கு இடம் சுருங்கும்.

பதில் 2 – கிளீட்காரன்

குதிகால் விஷயம் சரி. ஆனால் கால் எகிறவே கூடாது, நீண்ட ஏற்றத்தில் ஒரே சீராக மிதிக்கணும் என்றால் கிளிப் பெடல் தப்பில்லை. பெடலில் பூட்டிக்கொள்ள ஷூ அடியில் மாட்டும் உலோகத் துண்டுதான் கிளீட். இரண்டு போல்ட்டில் மாட்டும் கிளீட்டுக்கான ஷூ வாங்குங்கள். கிளீட் அடிக்குள் புதைந்திருப்பதால் வண்டியை இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கலாம். மூன்று போல்ட் வகை சாலை வண்டிக்கு, அது வேண்டாம்.

ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி என்ற கிளிப் பெடல் முறையில் பரவலான கிளீட் இரண்டு வகை. எஸ்எச்51 குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். எஸ்எச்56 பல திசையிலும் விடும். புதியவருக்குத் தைரியம் தரும், ஆனால் குலுக்கலில் காலை மேலே இழுத்தால் எதிர்பாராமல் கழன்றுவிடும். பழகியதும் 51க்கு மாறிவிடுங்கள்.

ஸ்பிரிங் இறுக்கத்தை மிகக் குறைவில் வைத்துத் தொடங்குங்கள். பெடலுக்கு இரண்டு முகம், ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு. நான்கிலும் ஒரே எண்ணிக்கை திருப்பணும். கிளீட் போல்ட்டுக்குக் கிரீஸ் தடவி 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். ஒரு போல்ட் விழுந்தால் ஷூ மட்டும் திரும்பும், கிளீட் பெடலைவிட்டு வராது. நிற்கும் இடத்தில் பக்கவாட்டில் விழுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கிளீட் பூட்டவே மறுத்தால் பெடலைத் திட்டாதீர்கள். ஷூ அடியின் ரப்பர்க் கட்டைகள் பெடலில் முட்டுகின்றனவா என்று பாருங்கள். முட்டினால் கிளீட்டுக்கும் ஷூவுக்கும் நடுவே மெல்லிய தகடு வைக்கணும். பூட்டைச் சுற்றி மேடை உள்ள பெடலைப் "பிளாட்டாகவும் ஆகும்" என்று வாங்காதீர்கள்; சாதா ஷூவில் பூட்டு பாதத்தைக் குத்தும்.

பதில் 3 – ஸ்பேனர்15

கிராங்கில் எந்தப் பெடலும் ஏறுமா என்று கேட்டீர்களே, அது மரையைப் பொறுத்தது. கிராங்க் கைகள் தனித்தனியாக இருந்தால் மரை 9/16 அங்குலம், பெரும்பாலான பெடல்கள் ஏறும். இரண்டு கையும் ஒரே துண்டாக வளைந்த பழைய கிராங்க் என்றால் 1/2 அங்குலம்.

இடது பெடலுக்கு மரை தலைகீழ். இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடும். நினைவில் வைக்க: கருவியின் மேல்முனை பின்சக்கரத்தை நோக்கிச் சுழன்றால் இரண்டு பெடலும் கழலும், முன்சக்கரத்தை நோக்கிச் சுழன்றால் இறுகும்.

மரையில் கிரீஸ் தடவி முதல் சில சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். தடுத்தால் நிறுத்திவிடுங்கள். ஆக்சில் இரும்பு, கிராங்க் அலுமினியம். கோணலாக ஏறினால் கெடுவது கிராங்கின் மரைதான். கடைசியில் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். அளவுக் கருவி இல்லையென்றால், 20 செமீ நீளக் கைப்பிடியில் 18 முதல் 20 கிலோ எடையை அழுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லுப்பாதை

முதலில் ஷூவும் நைலான் பிளாட்டும். பின்கள் முழங்காலுக்குக் கீழே கிழிக்காதா?

மரைதிருகி

கிழிக்கும். முழங்கால் முதல் கணுக்கால் வரை மறைக்கும் காப்பு போடுங்கள். பின்னுக்கும் உடலுக்கும் நடுவே வாஷர் வைத்தால் உயரம் குறையும், பழகியபின் எடுத்துவிடலாம். நடு ஆக்சிலுக்கு அருகில் உள்ள பின்களை முதலில் குறையுங்கள், முன்விளிம்பையும் பின்விளிம்பையும் தொடாதீர்கள். பிடி அங்கேதான்.