‘ஸ்பின்னர்பைட்’: மின்னிரையா, துடியிரையா, தகட்டிரையா?

கும்பகோணத்திலிருந்து:

அன்புடையீர், அமெரிக்கத் தூண்டில்காரர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். காற்றடித்து அலைபாயும் நீரில் பாஸ் மீனுக்கு எந்தப் பொய்யிரையைப் போடுவது என்னும் இயலில் நிற்கிறேன். தகடு சுழலும் ‘ஸ்பின்னர்பைட்’டை ‘மின்னிரை’ எனலாமா? பாஸைக் ‘கொடுவா’ எனலாமா?

காட்டுமன்னார்கோயிலிலிருந்து:

ஐயா, கொடுவா நம் கழிமுகத்து மீன். அவர்களுடைய நன்னீர் பாஸ் வேறு குடும்பம். ஆகவே ‘பாஸ்’ என்றே இருக்கட்டும்.

‘மின்னிரை’ என்றால் படிப்பவர் மின்சாரத்தை நினைப்பார். அதைவிடப் பெரிய குறை, அது பொருளைத் தவறவிடுகிறது. காற்று நீர்ப்பரப்பைக் குலைக்கும்போது உள்ளிறங்கும் வெளிச்சம் சிதறுவதால், மீன் இரையின் உருவைத் தெளிவாகக் காண்பதில்லை. விலாவில் ஓடும் பக்கக்கோட்டால் நீரின் அதிர்வை உணர்ந்தே அதைத் தேடி வருகிறது. அந்த நீருக்கு உருண்டு அகன்ற ‘கொலராடோ’ தகட்டைப் பரிந்துரைப்பது இதனால்தான். ஒடுங்கிய ‘வில்லோ’ தகடு மிகுதியாகப் பளபளக்கும், குறைவாகவே அதிரும்.

சென்ற ஆடியில் வீராணம் ஏரிக்கரையில், மேல்காற்று அலையைக் கரைக்கல்லில் அறைந்துகொண்டிருந்தபோது, விராலுக்காக 14 கிராம் எடையுள்ள இத்தகைய இரை ஒன்றை வீசினேன். சுருட்டச் சுருட்டத் தகட்டின் அதிர்வு தங்கூசி என்னும் தூண்டில் நூல் வழியே ஏறி, கோலைப் பிடித்த சுட்டுவிரலில் விடாமல் குறுகுறுத்தது. பாசி சிக்கியதும் சட்டென நின்றுபோனது. அதுவரை தகட்டை நான் ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்கவில்லை.

எனவே ‘துடியிரை’ என முன்மொழிகிறேன். ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. துடித்த, துடிக்கின்ற, துடிக்கும் இரை. துடி தோற்கருவியும் ஆகும்: ‘துடியன் பாணன் பறையன் கடம்பன்’ என்று புறநானூறு (335) முதலில் வைப்பது துடி கொட்டுபவனையே. நீரைத் தட்டித் தள்ளும் துடுப்பும் இவ்வேரில் பிறந்தது என்பது என் துணிபு.

நாகப்பட்டினத்திலிருந்து:

அம்மா, துடுப்பை இதற்குள் இழுப்பதை நான் ஏற்கவில்லை. துடிக்கும் இரை என்றால் எங்கள் கரையில் முள்ளில் உயிரோடு கோத்த இறாலைத்தான் நினைப்பார்கள். பொய்யிரைக்கு நேர் எதிரான பொருள் அது. எங்கள் தூண்டில் கடைக்கு வரும் பிள்ளைகள் ‘ஸ்பின்னர்’ என்றே கேட்கிறார்கள், அதையே எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் ‘தகட்டிரை’ போதும். ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று’ என்னும் குறளில் (931) பொன்னுக்குப் பரிமேலழகர் இரும்பு என்றே பொருள் கண்டார். அங்கே இரைக்குள் மறைந்த உலோகம் இங்கே தானே இரையாகி நிற்கிறது. அதைப் பெயரில் வெளிப்படையாக வைப்போம்.

கும்பகோணத்திலிருந்து:

தனிமடலிலும் பலர் ‘தகட்டிரை’ என்றே எழுதியிருக்கிறார்கள். நாள் நெருங்கிவிட்டதால் அதையே எழுதுகிறேன். ‘துடியிரை’யை அடைப்புக்குறிக்குள் ஒருமுறை தருகிறேன்.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஐயா, ஆனால் உடன்படவில்லை. அதே அலைநீருக்குச் சொல்லப்படும், முகப்பில் உதடுபோல் நீளும் பகுதி இல்லாத ‘கிராங்க்பைட்’ என்னும் மீன்வடிவப் பொய்யிரையில் சுழலும் தகடே கிடையாது, உடல் முழுவதும் அதிர்ந்துதான் அது மீனை அழைக்கிறது. உங்கள் கையேட்டில் அது வரும்போது என்ன எழுதுவீர்கள்?