மணமூட்டி வேண்டாம், நெடியூட்டின்னு வைக்கலாமா?

வணக்கம். கேஸ் கசிஞ்சா தெரியணும்னு குழாய்ல கலந்து விடுற கந்தகத் திரவத்துக்கு ஐயா தமிழ்ச் சொல்லா "மணமூட்டி"ன்னு சொல்லியிருந்தீங்க. எனக்கு அது ஒட்டலை. மணமூட்டின்னதும் ஊதுவத்தியும் சென்ட்டும்தான் ஞாபகம் வருது, எழுந்து ஓடணும்னு தோணாதே.

இந்தத் திரவம் எதுக்கு வந்துச்சுன்னு பாருங்க. 1816ல அமெரிக்காவுல பால்டிமோர்ல தெருவிளக்குக்காக ஒரு கேஸ் கம்பெனி ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு அந்த ஊருக்குக் கரண்டும் கேஸும் சேர்த்துக் குடுக்கிற கம்பெனிக்கு அதுதான் வேர். அந்தக் காலத்துக் கேஸ் பெரும்பாலும் நிலக்கரியைச் சுட்டு எடுத்தது, கசிஞ்சா தானாவே மூக்குல ஏறிடும். ஆனா இயற்கை எரிவாயுல பெரும்பகுதி மீத்தேன், அதுக்கு வாசனையே கிடையாது. 1937 மார்ச் 18, டெக்சாஸ்ல நியூ லண்டன் பள்ளிக்கூடத்துக்கு அடியில கேஸ் தேங்கி நின்னது யாருக்குமே தெரியல, தொழிற்பயிற்சி வகுப்புல ஒரு மெஷினுக்கு ஸ்விட்ச் போட்டப்ப கிளம்பின பொறியில கட்டடமே போச்சு, கிட்டத்தட்ட 300 பேர், பெரும்பாலும் பிள்ளைங்க. எத்தனை தடவை படிச்சாலும் மனசு ஆறல. அதுக்கப்புறம்தான் டெக்சாஸ்ல இதைக் கலந்தே ஆகணும்னு சட்டம் வந்துச்சு. நாத்தம் வந்தா ஸ்விட்சைத் தொடாதே, வெளிய போய் போன் பண்ணுன்னு கம்பெனி நோட்டீஸ்ல போடுறதும் இதே பொறிக்குப் பயந்துதான்.

காத்துல 5 சதவீதம் மீத்தேன் சேர்ந்தா பத்திக்கும். அமெரிக்க விதிப்படி அதுல அஞ்சுல ஒரு பங்கு, அதாவது 1 சதவீதம் இருக்கும்போதே சாதாரண மூக்குக்குத் தெரிஞ்சாகணும். இதைச் சோதிக்க ஆள் போய் ஒரு கருவி முன்னாடி மூக்கை வச்சுக்கிட்டு, காத்துல கேஸைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, எந்த அளவுல முதல்ல நாத்தம் தெரியுதோ அதைக் குறிச்சுக்கிறாங்க.

"நாற்றமூட்டி" தப்பில்லைதான், ஆனா சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம்னு பழைய தமிழ்ல அது பொதுவா வாசனை, இப்போ கெட்ட வாடை, ரெண்டுக்கும் நடுவுல இழுபடும். நெடி அப்படி இல்லை. பெயிண்ட் நெடி, ஆசிட் நெடின்னு மூக்குல குத்துறதைத்தான் சொல்றோம், "என்ன நெடி அடிக்குது"ன்னு கேட்டாலே ஆள் எழுந்து பார்ப்பாங்க. அதனால நெடியூட்டி, கலக்கிற வேலைக்கு நெடியூட்டல். புது இரும்புக் குழாய் இந்தத் திரவத்தை உறிஞ்சிட்டு வீட்டுக்கு நாத்தமில்லாத கேஸை அனுப்பிடும், அந்த ஆபத்தை "நெடி மங்கல்"னு சொல்லலாம்னு பார்க்கிறேன். மங்கலா, இழப்பா, எது சரின்னு ஐயா நீங்க சொல்லுங்க.