நான்கு சிறு குழந்தைகளோடு கேமரன் மலை: எந்த வழியாக ஏறுவது, எத்தனை நாள் தங்குவது?

செம்பனைக்காட்டு மருமகள் (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகளும், மூன்று வயதிலும் எட்டு மாதத்திலும் இரண்டு மகன்களும் இருக்கிறார்கள். நாத்தனாரின் இரண்டு வயது மகளையும் சேர்த்து நான்கு பிள்ளைகளை வரும் பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்கு அழைத்துச் செல்ல நினைக்கிறோம். பெரியவர்கள் நால்வர்: நானும் கணவரும் நாத்தனாரும் மாமியாரும். மைவி கார் ஒன்றில் கணவரும், இன்னொன்றில் நாத்தனாரும் ஓட்டுவார்கள்.

கணவர் தாப்பா வழியாகத்தான் போக வேண்டும் என்கிறார். சிறு வயதில் தோட்டத்துப் பேருந்தில் போனபோது லாத்தா இஸ்கண்டார் அருவியில் குளித்ததை இன்றும் அவர் மறக்கவில்லை. அருவி, தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரி, பட்டாம்பூச்சிப் பண்ணை, பாசிக்காடு, இரவுச் சந்தை என்று மூன்று நாளுக்கான திட்டத்தையும் எழுதி வைத்திருக்கிறார். மாமியாரோ, நாற்பது வருடம் பால் மரமும் செம்பனையும் பார்த்தவளுக்கு இன்னொரு தோட்டத்தைக் காட்டக் காசு செலவழிக்க வேண்டுமா என்று கேட்கிறார். அந்தக் குளிரில் கைக்குழந்தைக்கு மார்ச்சளி பிடித்துவிடும் என்ற பயமும் அவருக்கு இருக்கிறது. வழியைப் பற்றியும் குளிரைப் பற்றியும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காய்கறி லோரி

வணக்கம் தங்கச்சி. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேமரன் மலையிலுள்ள கம்போங் ராஜாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றி வருகிறேன். சுங்கை சிப்புட்டிலிருந்து புறப்படுபவர் ஈப்போவைத் தாண்டியதும் சிம்பாங் பூலாயில் திரும்பிவிடலாம். அதை விட்டுவிட்டுத் தாப்பா வரை இறங்கிப் போய் ஏறுவது வீண் சுற்று. தாப்பாவிலிருந்து மலையிலுள்ள தானா ராத்தா நகருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான் என்றாலும், அந்தப் பழைய சாலை குறுகலானது, வளைவுக்கு மேல் வளைவாகப் போவது. பெரியவர்களுக்கே குடலைப் புரட்டும் அந்த வழியில் மூன்று வயதுப் பிள்ளையை ஏற்றினால், ரிங்லெட் வருவதற்குள் மாற்றுத்துணி தீர்ந்துவிடும். சிம்பாங் பூலாய்ச் சாலை அகலமானது, வளைவுகளும் நீண்டு மெதுவாகத் திரும்புகின்றன. ஆனால் அதில் வெகுதூரத்துக்குக் கடையோ கழிப்பறையோ கிடைப்பது அரிது. பெட்ரோல், பால், பேம்பர்ஸ் எல்லாவற்றையும் கீழேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

பள்ளி விடுமுறையை மறந்துவிடுங்கள். மூத்த பிள்ளைக்கே ஐந்து வயது, பாலர் பள்ளிதானே? இரண்டு நாள் விடுப்பு எடுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. விடுமுறையிலும் வாரக் கடைசியிலும் கியா ஃபார்ம் சந்தைப் பகுதியில் வண்டிகள் நகரவே நகராது. வண்டி நின்றுவிட்டால் நான்கு பிள்ளைகளும் சேர்ந்து எழுப்பும் சத்தத்தை நான் சொல்லத் தேவையில்லை. செவ்வாயன்று காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் மேலே போய்விடுங்கள், ஏனென்றால் மதியத்துக்குப் பிறகு மழையும் மூடுபனியும் சேர்ந்து இறங்கினால் முன்னால் போகிற வண்டியின் விளக்குகூடச் சரியாகத் தெரியாது. அக்டோபர், நவம்பரில் மழை கனத்து மண் சரிவதும் உண்டு. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

ஓய்வுபெற்ற தாதி

மகளே, உன் மாமியார் குளிரைப் பற்றிக் கவலைப்படுவதில் தவறில்லை. ஆனால் சளி கிருமியால் வருவது, குளிர்ந்த காற்றால் மட்டும் வருவதன்று. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெப்பம் பகலில் 25 பாகை செல்சியஸைத் தாண்டுவது அரிது, இரவில் 15, 16 பாகை வரை இறங்கும். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும் என்பதால் அந்தப் பயம் வேண்டாம். நீ போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகக் கைக்குழந்தைக்குப் போட்டால் போதும். கையைத் தொட்டுப் பார்த்துக் குளிர்கிறது என்று முடிவு செய்யாதே, குழந்தையின் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். மார்பையோ பிடரியையோ தொட்டுப் பார். அங்கே வியர்த்திருந்தால் துணி அதிகம் என்று பொருள்.

அந்தத் துணியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் ஊர் வெயிலில் கம்பளிச் சட்டைக்கு வேலை இல்லாததால், அது ஆண்டுக்கணக்கில் அலமாரியில் அந்துருண்டையோடு கிடக்கும். ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த நாப்தலீன் வாடையே இரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரக்கூடும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறார்கள், குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தைத் திறந்து முடிவைப் பார். இந்தக் குறைபாடு ஆண் குழந்தைகளிடம் அதிகம், உனக்கோ இரண்டு மகன்கள். குறைபாடு இல்லையென்றாலும் அந்துருண்டை வாடையுள்ள துணியைத் துவைத்து வெயிலில் காயவைக்காமல் போடாதே. கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதும், அடைத்த விடுதி அறையில் சாம்பிராணிப் புகை போடுவதும் வேண்டாம். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவருவது உயிருக்கே ஆபத்து.

பயண வாந்தி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிதாகவே வரும், அதற்கு மேல்தான் தொல்லை. ஆகவே உன் கவனம் மூன்று வயதுக்காரனிடமும் ஐந்து வயதுக்காரியிடமும் இருக்கட்டும். வயிறு முட்டவும் கூடாது, காலியாகவும் கூடாது. இரண்டு இட்லியோடு புறப்படட்டும். கைப்பேசியைக் கொடுக்காதே, முன்னால் தெரியும் சாலையைப் பார்க்கச் சொல். வாந்தி மருந்தை இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் மருந்தாளரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். இறங்கும்போது காது அடைத்துக் குழந்தை வீறிடும். பால் குடித்து விழுங்கினால் அடைப்பு விலகும், ஆனால் அதற்காக ஓடும் வண்டியில் இருக்கையிலிருந்து தூக்காமல், ஓரமாக நிறுத்திக் கொடு. குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். தடித்த குளிர்ச்சட்டைக்கு மேல் வாரைப் பூட்டினால் வார் தளர்ந்துவிடும் என்பதால், வாரைப் பூட்டிய பிறகு போர்வையை மேலே போர்த்து.

இரட்டையர் அம்மா (ஈப்போ)

மற்றவர்கள் யாரும் தூக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கள் இரட்டையர்கள் பத்து மாதமாக இருந்தபோது போய்வந்தோம். வீட்டில் ஸ்பிரிங் தொட்டிலில் ஆடியே தூங்கிப் பழகிய பிள்ளைகள், விடுதிக் கட்டிலில் படுக்க வைத்ததும் கண்ணை அகல விழித்துக்கொண்டார்கள். விடியும்வரை நானும் கணவரும் ஆளுக்கொரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். மடக்கும் தொட்டில் கம்பியை வண்டியில் வைத்துக் கொண்டுபோங்கள், அல்லது இரண்டு வாரத்துக்கு முன்பே பாயில் படுக்கப் பழக்குங்கள்.

அறையைப் பதிவு செய்யும்போது எந்த மாடி, மின்தூக்கி உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எங்களுக்குத் தரைத்தளம் என்று சொன்ன விடுதியில், போய்ச் சேர்ந்த பிறகு மூன்றாம் மாடியைக் கொடுத்தார்கள். பால் புட்டிகளையும் சோற்றுப் பானையையும் சுமந்து நாள் முழுவதும் படி ஏறியதுதான் அந்தப் பயணத்தில் என் கால்களுக்கு நினைவிருக்கிறது. தள்ளுவண்டி, தானா ராத்தாவுக்கு அடுத்த ஊரான பிரிஞ்சாங்கிலும் பண்ணைப் படிகளிலும் உதவாது, சேலையில் கட்டிக்கொள்வதே நல்லது. கணவரின் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள், முதலில் பாசிக்காட்டை. ஸ்ட்ராபெரி பறித்தோமா என்று இன்று கேட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது. வாயிலிருந்து புகை வந்ததைப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு அவர்களின் அக்கா இன்னும் ஊதிக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்த அளவு வண்டிப் பயணமும் வேண்டாம் என்றால் பினாங்குக் கொடிமலை இருக்கிறது. 833 மீட்டர் உயரத்துக்கு மலை ரயிலில் சில நிமிடங்களில் ஏறிவிடலாம். பிள்ளை அழுதால் அடுத்த ரயிலில் இறங்கி மாலைக்குள் வீடு திரும்பலாம்.

செம்பனைக்காட்டு மருமகள்

எல்லோருக்கும் நன்றி. தாதி அம்மா சொன்னபடி சுகாதாரப் புத்தகத்தைப் பார்த்தேன். சின்னவனுக்கு ஜி6பிடி குறைபாடு உண்டு என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. பிரசவ நேரத்துக் களைப்பில் மருத்துவமனையில் சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. மூத்தவளின் பழைய கம்பளிச் சட்டையை அவனுக்காக எடுத்து வைத்திருந்தேன், பைக்குள் அந்துருண்டை இரண்டு இருந்தன. அலமாரியிலிருந்த எல்லா உருண்டையையும் மாமியார் தானே பொறுக்கி வெளியே போட்டுவிட்டார், சின்னவனுக்குப் புதிதாக வாங்குகிறோம்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாயன்று சிம்பாங் பூலாய் வழியாகப் போய்ப் பிரிஞ்சாங் போகாமல் தானா ராத்தாவிலேயே தரைத்தளத்தில் இரண்டு இரவு தங்குகிறோம். பெயருக்கே சமநிலம் என்று பொருள், மாவட்ட மருத்துவமனையும் அங்கேயே இருக்கிறது. தேயிலைத் தோட்டம் ஒரு காலை, மற்ற நேரமெல்லாம் பிள்ளைகள் விருப்பம். அருவிக்கு மட்டும் கணவர் இன்னும் விடவில்லை. திரும்பும்போது தாப்பா வழியாக இறங்கலாமா என்று கேட்கிறார்.

காய்கறி லோரி

பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு அவர் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் போய்க் குளித்துவிட்டு வரட்டும், தங்கச்சி.