மறு: வெற்றுத் தடமா, பதர்த் தடமா?

அனைவருக்கும் வணக்கம்.

நில அதிர்வுத் தரவில் வரும் 'நல் ட்ரேஸ்' என்பதற்குத் தமிழில் 'வெற்றுத் தடம்' போதுமே, இதற்கு எதற்கு இத்தனை மடல் என்று கோலாலம்பூர் நண்பர் கேட்டிருந்தார். எனக்குப் போதவில்லை ஐயா. 'ட்ரேஸ்', அதாவது ஓர் உணர்கருவி நேரப்போக்கில் பதிந்த அதிர்வு, தடம்தான், அதில் சண்டை இல்லை. இடிப்பது 'வெற்று'.

நில அதிர்வுத் தரவைக் கையாளும் சைஸ்மிக் யூனிக்ஸ் மென்பொருளில் எஸ்யூநல் என்றொரு கட்டளை. தடத்துக்கு எத்தனை மாதிரி (அளவீட்டுப் புள்ளி), மொத்தம் எத்தனை தடம் என்று சொன்னால், முழுக்கச் சுழியமாகவே தடங்களை உண்டாக்கித் தரும். அவற்றை, கோப்புகளை இணைக்கும் 'கேட்' கட்டளையால் நம் தரவுக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளலாம். எதற்கு? அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் மாற்றத்துக்கு முதல் தடமும் கடைசித் தடமும் அடுத்தடுத்த வீடு. அந்த மாற்றத்தை வைத்து இயங்கும் ஸ்டோல்ட் முறையில் மைக்ரேஷன் (எதிரொலிகளை அவற்றின் உண்மையான இடத்துக்கு நகர்த்துவது) செய்யும்போது வலது ஓரத்தைத் தாண்டிய அலை இடது ஓரத்தில் வந்து முளைக்கும். நடுவே கொஞ்சம் காலி மனை விட்டால் அந்தத் தொல்லை குறையும்.

எஸ்யூகில் வேறு. அது எதையும் சேர்க்காது. நில அதிர்வை உணரும் ஜியோஃபோன் கெட்டு, வெறும் இரைச்சலாக வந்த தடத்தைச் சுழியமாக்கும். திரையில் இரண்டும் ஒரே நேர்கோடுதான். ஆனால் நில அதிர்வுத் தரவைச் சேமிக்கும் செக்-ஒய் கோப்பு வடிவத்தில், தடத்தின் 240 பைட் தலைப்பில், 29, 30ஆம் பைட்டுகளில் ஓர் அடையாள எண் உண்டு: 1 என்றால் உயிருள்ளது, 2 செத்தது, 3 ஒப்புக்கு வைத்தது. எல்லாவற்றையும் 'வெற்று' என்றால் 2க்கும் 3க்கும் என்ன எழுதுவது?

செபராங் பிறை அக்கா சொன்ன 'பதர்' அருமையான சொல். ஆனால் பதர் வயலில் விளைந்தது. கதிரில் தன் இடத்தில் நிற்கிறது, உள்ளேதான் அரிசி இல்லை. அது அச்சு அசலாக 2. நாமே கொண்டுபோய் வைக்கும் 3ஐப் பதர் என்றால் பொருந்தாது. 'ஒப்புத் தடம்' என்று முதலில் யோசித்தேன். என் மாணவி அதை 'ஒப்பிடுவதற்கான தடம்' என்று படித்தாள். விட்டுவிட்டேன்.

இட்டு நிரப்புதல் என்று நாமே பேச்சில் சொல்கிறோமே. அந்தச் செயலுக்கு 'இட்டுநிரப்பல்', அப்படி இட்ட தடத்துக்கு 'இடுதடம்'. சொல்லிப் பாருங்கள்.

குளுகோரிலிருந்து

* * *

தம்பி, பதரை 2க்கு நகர்த்தியது சரி, ஒப்புக்கொள்கிறேன். இடுதடம் என்றதும் எனக்கு இடுகாடுதான் ஞாபகம் வந்தது, அதுவும் செத்த தடத்துக்குப் பக்கத்திலேயே! 'நிரப்புத் தடம்' என்று வைத்தால் என்ன?

* * *

அக்கா, வயல்காரர்கள் உரத்தையும் விதையையும் 'இடுபொருள்' என்கிறார்கள், யாருக்கும் இடுகாடு தோன்றுவதில்லை. நிரப்புத் தடத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பதிவில் விடுபட்ட தடத்தைப் பக்கத்துத் தடங்களை வைத்துக் கணக்கிட்டுப் போடுகிறோமே, அந்த இடைச்செருகலுக்கு அது வேண்டியிருக்கும். அதில் சுழியம் இருக்காது, மதிப்பு இருக்கும். இப்போதைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் 2: பதர்த்தடம், 3: இடுதடம் என்று ஏற்றுகிறேன். கோலாலம்பூர் ஐயா மறுத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதட்டும்.