அண்ணனும் தங்கையும் பாடும் முதல் நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு: எந்தப் பாடல்களைச் சேர்ப்பது?

ஈசூன் தங்கை:
அனைவருக்கும் வணக்கம். நானும் என் அண்ணனும் எங்கள் முதல் நாட்டுப்புறப் பாடல் தொகுப்பை இவ்வாண்டு இறுதிக்குள் வெளியிட எண்ணியுள்ளோம். மலேசியாவின் ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய எங்கள் அப்பாயி பாடியவற்றை அப்பா ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். அதிலிருந்து எட்டுப் பாடல்களை எடுத்தோம். அவற்றுள் ஐந்து தெம்மாங்கு. அண்ணனுக்குச் சுருதி (பாடும் அடிப்படைச் சுரத்தின் உயரம்) ஒரு கட்டை, எனக்கு ஐந்து கட்டை; கட்டை கூடினால் சுருதி உயரும். நடுவில் மூன்று கட்டை வைத்தால் அவர் மேலே திணறுகிறார், நான் கீழே முணுமுணுக்கிறேன். இன்னொன்றைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது: தெம்மாங்கில் அவர் என்னை மச்சினி என்று கேலி செய்ய, நான் மாமனே என்று பதில் பாட வேண்டியிருக்கிறது. அம்மா சமையலறையிலிருந்து சிரிக்கிறார். இப்பாடல்களின் உரிமை யாருக்கு என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தாலாட்டுப் பிரியை:
தங்கச்சி, உங்கள் அம்மா சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. தெம்மாங்கு பெரும்பாலும் முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் எதிரெதிரே நின்று பாடுவது; அதை உடன்பிறந்தவர்கள் பாடினால் கேட்பவர்களுக்கே நெளியும். ஆனால் அண்ணன் தங்கை உறவு நம் நாட்டுப் பாடல்களில் எங்கே இருக்கிறது என்று தேடினால், அது தாலாட்டிலும் ஒப்பாரியிலும் நிறைந்து கிடக்கிறது. "மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே" என்று தாய் பாடும்போது, அந்த மாமன் அவளுடைய அண்ணனோ தம்பியோ அல்லவா? பிள்ளையைத் தூங்க வைக்கும் சாக்கில், பிறந்த வீட்டுப் பெருமையையும் அண்ணன் கொண்டுவரும் சீரையும் புகுந்த வீட்டார் காதில் விழும்படி பாடுகிறாள். ஒப்பாரியில் இதே உறவு தலைகீழாகும். தாயும் தகப்பனும் போன பிறகு, அண்ணன் வீட்டு வாசலில் தனக்கு இனி இடம் உண்டா என்று தங்கை கேட்பாள். இவ்விரண்டையும் நடுவில் வைத்துத் தொகுப்பைக் கட்டினால், நீங்கள் இருவரும் சேர்ந்து பாடுவதற்கே ஒரு காரணம் கிடைத்துவிடும்.

உறுமிக்காரன்:
சுருதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்று கட்டையை விட்டுவிடுங்கள், அது இருவருக்குமே நட்டம். தாலாட்டு மெட்டுகள் பலவும் நாலைந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும். ஆகவே ஐந்து கட்டையிலேயே பாடலாம். உங்கள் ஸட்ஜம் (ச) அண்ணனுக்குப் பஞ்சமமாக (ப) இருப்பதால், அவர் மேல் ரிஷபம் (ரி) வரை தொட்டால் போதும். சுரங்கள் மேலும் கீழும் அகன்று செல்லும் பாடல்களை மட்டும் அவரவர் சுருதியில் தனித்தனியே பாடுங்கள்.

தாலாட்டுக்குத் தயவுசெய்து தாளக் கருவி சேர்க்காதீர்கள். உறுமி மேளத்தின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த முனகல், அருகில் ஒலிவாங்கி இருந்தால் குரலை விழுங்கிவிடும். உறுமி வாசிப்பவனே இதைச் சொல்கிறேன்.

பழைய வானொலி நேயர்:
வழிவழியாக வந்த, இயற்றியவர் பெயர் தெரியாத பழம்பாடலுக்குத் தனியொருவர் உரிமை கோர இயலாது. நீங்கள் புதிதாகச் செய்யும் இசைக்கோவை உங்களுடையது. ஆனால் அப்பாயி பாடியதெல்லாம் நாட்டுப் பாடல்தானா என்பதை முதலில் சரிபாருங்கள். தோட்டத்தில் வானொலியும் திரைப்படமும் இருந்தன. கேட்ட சினிமாப் பாட்டைச் சொல் மாற்றிப் பாடியிருக்கலாம். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக இயற்றியவரின் வாழ்நாளுக்குப் பிறகும் 70 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அப்படி ஏதேனும் இருந்தால் சிங்கப்பூரில் இசைப் படைப்பாளர்களின் உரிமைகளைக் கவனிக்கும் 'காம்பாஸ்' அமைப்பிடம் உரிமம் பற்றிக் கேளுங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, உறையில் அப்பாயியின் பெயர் இருக்க வேண்டும்.

ஈசூன் தங்கை:
மூவருக்கும் நன்றி. நேற்று நாடாவை மீண்டும் கேட்டோம். தெம்மாங்கு என்று நாங்கள் நம்பிய ஒன்று சினிமா மெட்டு என்று அப்பா உடனே கண்டுபிடித்துவிட்டார், அதை நீக்கிவிட்டோம். மற்ற நான்கு தெம்மாங்குகளையும் விட்டுவிட்டு, மாமன் தாலாட்டையும் ஒப்பாரி ஒன்றையும் சேர்க்கிறோம். ஐந்து கட்டையில் அண்ணனின் குரல் சற்று இறுக்கமாக ஒலித்தாலும், அது அழகாகவே இருக்கிறது. ஒப்பாரியை வீட்டுக்குள் பாடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒத்திகை பார்க்கலாம் என்றேன். "அங்கே பாடினால் யார் வீட்டில் சாவு என்று கேட்டு அக்கம்பக்கத்தார் இறங்கி வந்துவிடுவார்கள்" என்று அண்ணன் மறுத்துவிட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தையே இரண்டு மணி நேரம் கூடுதலாக வாடகைக்கு எடுத்திருக்கிறோம்.