மேம்பாலம் ஏறும்போது மிஸ்ஸிங், செக் எஞ்சின் லைட் மினுக்குகிறது: காயிலா, இன்ஜெக்டரா?

நெல்லைப் பெட்ரோல்:
வணக்கம். 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், 80 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி. கொஞ்ச நாளாக மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றாமல் எஞ்சின் தடுமாறுகிறது. ஐடிலில் லேசான உதறல்தான். ஆனால் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் நாலாவது கியரில் மிதித்தால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது, செக் எஞ்சின் லைட்டும் மினுக்குகிறது. இறங்கியதும் மினுக்கல் நின்று அப்படியே எரிகிறது. புளூடூத் ஸ்கேனரில் பி0303 என்ற கோளாறு எண் வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து பார்த்ததோடு சரி, "இன்ஜெக்டர் கிளீனிங் பண்ணி நாலு காயிலும் மாத்திடலாம் சார்" என்கிறார்கள். இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிப்பது, காயில் ப்ளக்கின் பொறிக்குக் கரண்ட் கொடுப்பது என்பது வரை எனக்குத் தெரியும். வீட்டில் சாக்கெட் செட் இருக்கிறது. நானே எதைப் பார்க்கலாம்?

கரூர் பைபாஸ்:
ப்ரோ, டேங்கில் ஒரு பாட்டில் இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றி, பைபாஸில் நன்றாக மிதித்து ஓட்டுங்கள். கார்பன் எல்லாம் போய்விடும்.

பழைய கிரீஸ்:
தம்பி, மிதித்து ஓட்டவே ஓட்டாதீர்கள். லைட் சும்மா எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால், சிலிண்டரில் எரிய வேண்டிய பெட்ரோல் எரியாமல் வெளியேறி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் உருகினால் செலவு காயிலோடு நிற்காது.

பி0303-இன் கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 வந்திருந்தால் காற்றுக் கசிவு, பெட்ரோல் பிரஷர் என்று பொதுவான கோளாறுகளைத் தேட வேண்டியிருக்கும். உங்களுக்கு ஒரே சிலிண்டர். காயில், ப்ளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் போகலாம். எனக்கென்னவோ ஸ்பார்க் பக்கம்தான் சந்தேகம். லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். எங்கே பலவீனமோ அங்கே அப்போது கரண்ட் வழிமாறும். காற்றுக் கசிவு பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: ஐடிலில் மோசமாக இருக்கும், ரேஸ் கொடுத்தால் அடங்கும்.

காசில்லாத சோதனை ஒன்று. எஞ்சின் நன்றாக ஆறட்டும். 3-ஆம் காயிலை 2-இல் போடுங்கள், 2-ஐ 3-இல். ஸ்கேனரில் அந்த பி0303-ஐ அழித்துவிட்டுப் பக்கத்துத் தெருவரை மெதுவாக ஓட்டுங்கள். பி0302 வந்தால் காயில். பி0303 அப்படியே இருந்தால் காயிலை விட்டுவிடலாம். சிலிண்டரை எண்ணுவது பொதுவாக டைமிங் செயின் பக்கத்திலிருந்து.

சனிக்கிழமை ஸ்பேனர்:
ஸ்கேனரே வேண்டாமே. வண்டியை ஓடவிட்டு ஒவ்வொரு ப்ளக் கேப்பாகப் பிடுங்கினால் எது வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும். அப்பா காலத்தில் அப்படித்தான் பார்த்தோம்.

பழைய கிரீஸ்:
கார்ப்பரேட்டர் வண்டியில் பார்த்தோம், ஷாக்கும் வாங்கினோம். இந்தக் காயிலில் பல்லாயிரம் வோல்ட் வருகிறது. ப்ளக் இல்லாமல் அந்தரத்தில் அடித்தால் காயிலும் போகலாம். அப்படிப் பார்த்தே ஆகவேண்டும் என்றால், இன்ஜெக்டரின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியும் உதறல் கூடவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். பச்சைப் பெட்ரோலும் சைலன்ஸருக்குப் போகாது.

நெல்லைப் பெட்ரோல்:
காயிலை மாற்றிப் போட்டேன் அண்ணா. பி0303 அப்படியே நிற்கிறது. அப்புறம் நான்கு ப்ளக்கையும் கழற்றினேன். மூன்றின் நுனி வெளிர் பழுப்பு, உலர்ந்திருக்கிறது. 3-ஆம் ப்ளக் நுனி ஈரம், பெட்ரோல் வாசனை. ஆனால் விசித்திரம் மேலே இருக்கிறது: வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு, மேல்முனையிலிருந்து இரும்பு வரை. துடைத்தாலும் போகவில்லை. ப்ளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தது.

பழைய கிரீஸ்:
கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். பொறி நுனியில் தாண்டாமல் அந்தக் கோடு வழியாக வெளிப்பக்கமே எர்த் ஆகிறது. நுனி பெட்ரோலில் நனைந்திருப்பதால் இன்ஜெக்டர் பெட்ரோல் கொடுக்கிறது, பொறிதான் பற்றவைக்கவில்லை என்று அர்த்தம், கிளீனிங் செலவை மறந்துவிடுங்கள். நுனியில் எண்ணெய் இருந்தால்தான் ரிங், வால்வ் சீல் என்று பயப்பட வேண்டும். உங்களுக்கு எண்ணெய் குழியில்தான் இருக்கிறது, அது எஞ்சின் ஹெட்டை மேலே மூடும் டேப்பட் கவர் கசியும் சமாச்சாரம்.

புது ப்ளக் நான்கும் போடுங்கள். நுனியில் பொறி தாண்டும் இடைவெளி எவ்வளவு என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும். பல வண்டிகளுக்கு 0.8 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் வரும். இரிடியம் என்றால் நுனியை நெம்பாதீர்கள், ஒடிந்துவிடும். ப்ளக் தலையில் ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி அதைப் பிடித்தே திருகுங்கள். மரை மாறினால் குழாய் வழுக்கும், அலுமினியம் ஹெட் தப்பிக்கும். கையால் உட்கார்ந்த பிறகு, புது வாஷர் நசுங்க அரைச் சுற்றுக்குச் சற்று மேல். ரேட்சட்டில் தொங்காதீர்கள்.

சனிக்கிழமை ஸ்பேனர்:
ஒன்று விட்டுப்போனது. பழைய 3-ஆம் காயில் இப்போது 2-இல் உட்கார்ந்திருக்கிறது. ப்ளக்கின் மேல் உட்காரும் அதன் ரப்பர் உறை, அதாவது பூட், அதுவும் எண்ணெயில் ஊறியதுதானே? டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அங்கேயும் கறுப்புக் கோடு இருந்தால் புது ப்ளக்கிலும் சீக்கிரம் கோடு விழும், இம்முறை 2-ஆம் சிலிண்டரில்.

பழைய கிரீஸ்:
சரியான பாயிண்ட். காயில் முழுதாக மாற்ற வேண்டியதில்லை, பல காயில்களுக்கு பூட் தனியாகவே கிடைக்கும்.

நெல்லைப் பெட்ரோல்:
பூட்டுக்குள் கோடு இருந்தது! பூட்டும் நான்கு ப்ளக்கும் மாற்றியாயிற்று. ஐடிலில் டேஷ்போர்டில் வைத்த தண்ணீர் பாட்டில்கூட ஆடவில்லை. மேம்பாலத்தில் அதே நாலாவது கியர், லைட் வரவில்லை. பழைய 3-ஆம் ப்ளக்கை ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், "அதான் சார், நானும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்கள். டேப்பட் கவர் கேஸ்கெட்டை உடனே மாற்ற வேண்டுமா?

பழைய கிரீஸ்:
தள்ளிப்போடாதீர்கள். கேஸ்கெட்டோடு ப்ளக் குழிக்கான சீல்களையும் கேட்டு வாங்குங்கள், சில செட்டில் அவை வராது. குழியில் இருக்கும் எண்ணெயை ப்ளக்கைக் கழற்றுவதற்கு முன்பே துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் இறங்கும். கவர் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக.

வேலூர் சிஎன்ஜி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் வண்டி பெட்ரோலில் பட்டுப்போல் ஓடுகிறது, கேஸுக்கு மாற்றினால் மட்டும் மிஸ்ஸிங். இதுவும் ப்ளக்தானா?

பழைய கிரீஸ்:
அம்மா, ப்ளக்கிலிருந்து தொடங்குங்கள். கேஸைப் பற்றவைக்க வோல்டேஜ் அதிகம் வேண்டும், அதனால் தேய்ந்த ப்ளக் கேஸில்தான் முதலில் மாட்டும். ப்ளக் புதிது என்றால் கேஸ் ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.