விக்காரியன்ஸ், டிஸ்பர்சல்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் சேர்.

ஓர் உயிரினக் கூட்டத்தின் நடுவே தடை வந்து, அது இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு இனமாவது விக்காரியன்ஸ்; இருக்கும் தடையைக் கடந்து உயிரி வேறிடம் போய்ச் சேர்வது டிஸ்பர்சல். விக்காரியன்ஸுக்கு நீங்கள் தந்த 'நிலப்பிளவு' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிலம் பிளக்காத இடத்தில் அது காலை வாரிவிடும். பனாமாவைப் பாருங்கள். ஏறத்தாழ 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலம் எழுந்து இரண்டு அமெரிக்காக்களையும் ஒட்டவைத்தது, பிரிந்தது கடல். கொடுக்கால் வெடிச்சத்தம் போடும் அல்பியஸ் இறாலில், கரிபியன் பக்கத்து இனம் ஒன்றுக்கு மிக நெருங்கிய உறவு அதே கரையில் இல்லை, பசிபிக் பக்கத்தில் இருக்கிறது. இப்படிப் பல சோடிகள். ஒவ்வொரு இனமும் தனித்தனியே தோன்றியிருந்தால் இதற்கு விளக்கமே இல்லை.

நீங்கள் காட்டிய மெசோசோரசு (நீரில் வாழ்ந்து அழிந்துபோன பழங்கால ஊர்வன) உதாரணமும் இங்கே பொருந்தாது. அதன் உயிர்ச்சுவடு தென்னமெரிக்காவிலும் ஆபிரிக்காவின் தெற்கிலும் கிடைப்பது, அந்த நிலங்கள் ஒன்றாயிருந்ததற்கு நல்ல சான்று. ஆனால் கொண்டுவானா என்ற அந்த ஒன்றாயிருந்த பெருநிலம் உடையும் முன்பே அந்த விலங்கு அழிந்துவிட்டது. பிரிந்து இரண்டு இனமாக அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

கடலோ நிலமோ, இடையில் வந்தது தடை. 'தடைப்பிரிவு' என்று வைப்போமா? டிஸ்பர்சலுக்கு 'தாண்டுபரவல்'. அதில் தடை முன்பே இருக்கும், உயிரிதான் கடக்கும். பசிபிக் கடலிலுள்ள கலாபகசு தீவுகள் எரிமலையால் எழுந்தவை, எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. ஆமையும் இகுவானாவும் குருவியும் போய்ச் சேர்ந்தன. உப்புநீர் தாங்காத தவளை சேரவில்லை. (சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெருங்குளத்தில் தீவுக்குத் தீவு நீந்தும் யானையைப் பார்த்த அம்பாறைக்காரருக்கு, சைப்பிரசு தீவில் குள்ள யானை எலும்பு கிடைத்தது வியப்பாக இராது.)

---

தம்பி,

பனாமாவுக்குப் பிறகு நிலப்பிளவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க முடியாது. தடைப்பிரிவு சரி. வேறொருவர் 'கரைப்பிரிவு' என்றார், மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையும் மேற்குக் கரையான படுவான்கரையும் மனதில் இருந்திருக்கும். வாவி தாண்டிக் கலியாணம் நடக்கிற ஊரில் அது எடுபடாது; கலப்பு நின்றால்தான் உயிரியலில் தடை.

'தாண்டு' மட்டும் இடிக்கிறது. தாண்டுகிறவனுக்குப் போகும் எண்ணம் இருக்கும். மிதந்துபோன ஆமைக்கும் பறவைக் காலில் ஒட்டிய விதைக்கும் அது ஏது? 'கடந்துபரவல்' என்றால் நீந்தினாலும் அள்ளுண்டு போனாலும் பொருந்தும். 'பரம்பல்' இப்போதுள்ள இருப்பைக் குறிக்கட்டும். நிகழ்வுக்கு நீர் 'பரவல்' என்று பிரித்தது நல்லது.

அந்த இறால் சோடிகளுக்கு 'சகோதர இனம்' போதும், புதிதாக ஒன்றும் தேடவேண்டாம்.